கரண்டம்மாவும் மாப்பிள்ளையும்

மருந்துக் கிடங்கின் கதவடியில் முழங்காலிட்டு, உள்ளங்கையைத் தரையோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார் கரண்டம்மா. துவைத்த விரிப்புகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவர் வண்டியைச் சற்று ஒடித்து அவரைச் சுற்றிக்கொண்டு போகிறார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் பதில் நீளும் என்பது அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். சற்று நேரம் கழித்து எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, யாருக்கென்றில்லாமல் சொல்கிறார்: "குளிருக்குக் கால் முளைச்சு வெளிய நடந்து போகுது. ஒருத்தர் கண்ணுலயும் படல." மறுநாள் காலை அந்தக் கதவின் அடியில் கறுப்பு ரப்பர் பட்டை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும்.

எட்டு மாடி, முந்நூறு படுக்கை. அத்தனைக்கும் மின்சாரப் பொறுப்பு அவருடையது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் வயர்மேனாக வந்து சேர்ந்தார். அப்போது ஏணியில் ஏறுகிற பெண்ணைப் பார்க்க நோயாளிகள் வார்டிலிருந்து எழுந்து வருவார்களாம். "பாதிப் பேருக்கு என்னாலதான் உடம்பு தேறுச்சு" என்பார். இப்போது மேற்பார்வையாளர். அடித்தளத்தில் ஓர் அறை, மூன்று திரைகள், ஒரு சுழல் நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். நாற்காலியில் பெரும்பாலும் அவருடைய பைதான் உட்கார்ந்திருக்கும்.

சாம்பல் நிறச் சீருடையின் மேல்பையில் எப்போதும் ஒரு டிஷ்யூ காகிதத் துண்டு இருக்கும். போகிற வழியில் ஏசி துவாரம் எதையாவது கண்டால் அதை எடுத்துத் தூக்கிப் பிடிப்பார். காகிதம் படபடத்தால் ஒரு முகம், தொங்கினால் ஒரு முகம். சூடு பார்ப்பது கையால் அல்ல, பிடரியால். ஓர் அறைக்குள் நுழைந்து, தலைமுடியை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, கழுத்தைச் சற்றுச் சாய்த்து, "இருபத்தி ரெண்டரை" என்பார். சுவரிலுள்ள கருவி இருபத்து மூன்று என்று காட்டினால் கருவியைக் கழற்றிப் பழுது பார்க்க அனுப்புவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு மென்பொருளை வாங்கியது. அதனுடன் கூரையெங்கும் சென்சார்கள் வந்தன. எண்ணிப் பார்த்தால் ஆயிரத்துக்கு மேல். அறையில் ஆள் அசைந்தால் விளக்கு எரியும், அசைவில்லாவிட்டால் அணையும். வெளியே வெயில் ஏறுவதற்கு முன்பே உள்ளே எவ்வளவு குளிர் வேண்டும் என்று அதுவே கணித்துக்கொள்ளும். எந்த மோட்டார் வீணாக ஓடுகிறது என்று திரையில் சிவப்பாகக் காட்டும். இரண்டு வருடத்தில் மின்செலவு நான்கில் ஒரு பங்கு குறைய வேண்டும் என்பது நிர்வாகத்தின் இலக்கு. இனிமேல் கரண்டம்மாவுக்கு என்ன வேலை என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள்.

அவர் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். காரணமும் சொன்னார். புதிதாக வீட்டுக்குள் வருகிறது, வந்த நாளிலிருந்து எல்லோரையும் அதிகாரம் செய்கிறது, ஒரு சின்ன விஷயம் பிசகினாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறது, ஆனால் தள்ளி வைக்கவும் முடியாது. திரையில் சிவப்பு வந்தால், "மாப்பிள்ள கோச்சுக்கிட்டாரு, போய் என்னன்னு கேட்டுட்டு வரேன்" என்று படியேறுவார். லிப்டில் போகமாட்டார். ஒரு தடவை லிப்ட் ஏறி இறங்கினால் எவ்வளவு மின்சாரம் என்று அவருக்குத் தெரியும், அதுதான் வினை.

தெரிந்த விஷயம் வீட்டையும் விடவில்லை. கணவர் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர், சாதுவான மனிதர். வெந்நீரில் நெடுநேரம் குளிப்பது அவருடைய ஒரே ஆடம்பரம். வீட்டு மீட்டரைத் தன் போனோடு இணைத்து வைத்த நாளோடு அந்த ஆடம்பரம் போயிற்று. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்தே போன் வரும். "ஹீட்டர் இருபது நிமிஷமா ஓடுது. நீங்க உள்ள இருக்கீங்களா, இல்ல அத போட்டுட்டுப் படம் வரையறீங்களா?" ஓவிய ஆசிரியர் போய் ஹீட்டரை அணைத்துவிட்டு வந்து, போனை மேசையில் கவிழ்த்து வைப்பதோடு சரி. மனைவி ஊரில் இல்லாத நாட்களில்கூட அவர் அவசர அவசரமாகத்தான் குளிக்கிறார் என்று கேள்வி.

இப்படி மாப்பிள்ளையும் அவரும் ஒருவரோடொருவர் பழகிக்கொண்டு வந்தார்கள். ஒன்றரை வருடம் முடிந்தபோது இலக்கில் பாதிதான் எட்டியிருந்தது. அங்கே இங்கே இன்னும் எதைப் பிழியலாம் என்று பார்த்ததில், காத்திருப்புக் கூடங்களின் விளக்குகளும் ஏசியும் கண்ணில் பட்டன. அசைவு நின்று பதினைந்து நிமிடம் கழித்துத்தான் அவை அணைந்தன. அதை ஐந்தாக மாற்றினார் கரண்டம்மா. ஒரு வாரத்தில் திரையில் கோடு அழகாக இறங்கியது. அந்தப் படத்தைப் போனில் கணவருக்கு அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். வளைவு நன்றாக வந்திருக்கிறது என்று ஓவிய ஆசிரியர் பதில் எழுதினார்.

அடுத்த வாரம் புதன்கிழமை, காலை பதினொரு மணி. இரண்டாம் மாடியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உள்ள கூடத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவர், ஐம்பதைத் தாண்டிய ஆள். ஏழரைக்கு அவர் மனைவியை இருதய ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மனைவியின் மூக்குக்கண்ணாடி கையில், செருப்புகள் ஒரு பையில். அன்று வேறு ஆபரேஷன் இல்லை, அதனால் வேறு உறவினரும் இல்லை. சுவரைப் பார்த்தபடி அவர் அசையாமல் இருந்தார். அந்தக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது.

ஐந்து நிமிடம் ஆனது. விளக்குகள் அணைந்தன, ஏசியின் சத்தமும் நின்றது.

அவர் என்ன நினைத்தார் என்பதை யாரும் ஊகித்துக்கொள்ளலாம். இருட்டில் எழுந்து, நாற்காலியில் இடித்துக்கொண்டு, போய்த் தியேட்டர் கதவை இரண்டு கையாலும் தட்டினார். உள்ளே கரண்ட் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே தட்டினார். அவர் எழுந்த கணமே விளக்கு எரிந்துவிட்டது. அது அவர் கண்ணில் படவில்லை. கதவைத் திறந்த நர்ஸ் எவ்வளவு சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நர்ஸ் அடித்தளத்துக்குப் போன் செய்தார்.

விளக்கு அணைந்த நேரத்தில் கரண்டம்மாவின் திரையில் அந்தக் கூடம் பச்சையாக இருந்தது. கீழே, 'ஆள் இல்லை' என்ற குறிப்பு. போன் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்புதான் அதைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டிருந்தார்.

மூன்று மாடிப் படிகளை அவர் எப்படி ஏறினார் என்று அவருக்கே நினைவில்லை. போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியபடியே போனை எடுத்து, தியேட்டரின் மின்சார அளவைத் திரையில் வரவழைத்து அவர் கையில் கொடுத்தார். ஒரு நீலக் கோடு சின்னச் சின்னதாக ஏறி இறங்கியபடி நகர்ந்துகொண்டிருந்தது.

"உள்ள எல்லாம் ஓடிட்டிருக்குங்க. கோடு அசையுது பாருங்க. வெளிய அணைஞ்சது வெறும் லைட்டும் ஏசியும்தான். உள்ளதுக்குத் தனி வயர், தனி பேட்டரி, தனி ஜெனரேட்டர். நானே போட்டது."

டிரைவர் கோட்டையே பார்த்தார். "இது நேரா போயிருச்சுன்னா?"

"இது மிஷினோட கோடுங்க. ஆளோட கோடு இல்ல."

அவர் தலையாட்டினார். பிறகு, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்கிற குரலில் கேட்டார்: "அசையாம உக்காந்திருந்தா ஆளே இல்லன்னு எடுத்துக்குமா?"

கரண்டம்மா போனை அவரிடமே விட்டுவிட்டு, தானும் அங்கேயே இருந்தார். அன்று ஹீட்டர் நாற்பது நிமிடம் ஓடியிருந்தாலும் ஓவிய ஆசிரியருக்குப் போன் போயிருக்காது. இரண்டரை மணிக்கு டாக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். டிரைவர் மனைவியின் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை கூட்டம். தலைமை அறுவை மருத்துவர் கொதித்துப் போயிருந்தார். நோயாளியின் வீட்டார் கதவை இடிக்கும் நிலைக்கு விட்ட ஒரு சாதனம் தன் மாடியில் இருக்கக்கூடாது, மொத்தத்தையும் கழற்றுங்கள் என்றார். மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்திருந்த டை கட்டிய மனிதர், சாதனம் சொன்னபடிதான் நடந்தது என்று நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தார். நிர்வாகி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கழற்றிவிடலாம் என்ற முடிவு மேசைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

கரண்டம்மா எழுந்து நின்றார். "பதினஞ்ச அஞ்சாக்கினது நான்தான் சார். மாப்பிள்ள மேல தப்பில்ல." மாப்பிள்ளை யார் என்று நிர்வாகி விழித்தார். அதை விளக்க நேரமில்லை. தப்பு ஐந்தா பதினைந்தா என்பதிலும் இல்லை என்று அவர் மேலே சொன்னார். பதினைந்து நிமிடமும் அசையாமல் உட்காருகிற ஆள் உண்டு. காத்திருக்கிறவரை அசைவை வைத்து எண்ணியதுதான் கோளாறு. டை கட்டியவர், வேறு எதை வைத்து எண்ணுவது என்று கேட்டார்.

"உள்ள ஒருத்தர் படுத்திருந்தா, வெளிய ஒருத்தர் உக்காந்திருப்பாங்க. அத மாப்பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தா போதும்."

தலைமை மருத்துவர், ஒரு மாதம் பார்ப்போம் என்றார்.

தியேட்டர் நர்ஸ் தினமும் எழுதும் ஆபரேஷன் பட்டியலை மென்பொருளோடு இணைப்பதுதான் வேலை. சொல்ல ஒரு வரி, செய்ய ஆறு நாள். நர்ஸ் பட்டியலைத் தன் நோட்டில் பென்சிலில்தான் எழுதுவார், அடித்து அடித்துத் திருத்துவார். அவரைக் கணினிப் பக்கம் கொண்டுவரக் கரண்டம்மா மூன்று வேளை டீ வாங்கிக் கொடுத்து, அவருடைய மாமியார் கதை முழுவதையும் கேட்க வேண்டியிருந்தது. கடைசியில் இணைந்தது. உள்ளே ஒரு பெயர் இருக்கும்வரை வெளியே விளக்கு அணையாது. பெயர் நீங்கிய பிறகும் ஒரு மணி நேரம் எரியும். ஏனென்றால் செய்தி கேட்டதும் எல்லோராலும் உடனே எழுந்து போக முடிவதில்லை என்று நர்ஸ் சொன்னார்.

கூடத்தின் மின்செலவு ஏறிவிட்டது. இலக்கு கைநழுவிப் போகிறது என்று கரண்டம்மா அந்தப் பட்டியலையும் கோடுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் தட்டுப்பட்டது. மூன்று தியேட்டர்களிலும் காற்றைச் சுத்தப்படுத்தித் தள்ளும் பெரிய விசிறிகள், ஆபரேஷன் நடந்தாலும் நடக்காவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமைகூட, முழு வேகத்தில் சுற்றின. கட்டடத்திலேயே பெரிய தீனிக்காரர்கள் அவைதான். உள்ளே எப்போது ஆள் இருக்கிறார் என்பது இதுவரை மாப்பிள்ளைக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

"ஒன்றர வருஷமா வாசல்ல சிந்துன அரிசியப் பொறுக்கிட்டிருந்தேன். கொல்லப்பக்கம் மூட்டையே ஓட்டையா கெடக்குது" என்றார் கணவரிடம். ஓவிய ஆசிரியர், அப்படியானால் ஹீட்டரை விட்டுவிடுவாயா என்று மெதுவாகக் கேட்டார். கரண்டம்மா போனை எடுத்து மீட்டரைப் பார்த்தார்.

தலைமை மருத்துவரைச் சம்மதிக்க வைப்பதுதான் பாடாக இருந்தது. ஆளில்லாத தியேட்டரில் விசிறியின் வேகத்தைக் குறைக்கலாம், ஆனால் வெளிக்காற்று உள்ளே நுழைந்துவிடக்கூடாது. கரண்டம்மா டிஷ்யூ காகிதத்தைக் கதவிடுக்கில் பிடித்துக் காட்டினார். பாதி வேகத்திலும் அது வெளிப்பக்கமாகவே படபடத்தது. மருத்துவர் அதை மட்டும் நம்பவில்லை. கிருமி பார்க்கும் ஆய்வகத்தாரை அழைத்து மூன்று வாரம் சோதிக்க வைத்தார். அவசரத்துக்கு வாசலில் ஒரு சிவப்புப் பொத்தான் கேட்டார். அழுத்தினால் சில நிமிடங்களில் முழு வேகம். கரண்டம்மா இரண்டு பொத்தான் வைத்தார், ஒன்று கைக்கு, ஒன்று முழங்கைக்கு. மருத்துவர் முழங்கையால் இடித்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

ஆயிரம் சென்சார்கள் ஒன்றரை வருடத்தில் மிச்சம் பிடித்ததை விசிறிகள் நான்கே மாதத்தில் தாண்டின. இலக்கைத் தொட்டாயிற்று, கொஞ்சம் மேலேயும் போயிற்று. நிர்வாகி கேக் வரவழைத்தார். டை கட்டியவர் பேசுகையில், இது தங்கள் மென்பொருளின் நுண்ணறிவுக்குக் கிடைத்த வெற்றி என்றார். கரண்டம்மா கைதட்டினார். மாப்பிள்ளையைப் பாராட்டினால் வீட்டுக்குத்தானே பெருமை என்று பக்கத்திலிருந்த தியேட்டர் நர்ஸிடம் சொன்னார்.

போன செவ்வாய்க்கிழமை மதியம். ஐந்தாம் மாடி நர்ஸுகளின் ஓய்வறையில் ஏசி துவாரம் ஒன்று இரைகிறது என்று சொல்லியிருந்தார்கள். போனைக் கீழே மேசையிலேயே வைத்துவிட்டு ஸ்குரூடிரைவரோடு ஏறிப் போனார். கதவு கிறீச்சிட்டது. நுழைந்ததும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. உள்ளே ஒரு நர்ஸ், ஷூவைக்கூடக் கழற்றாமல், நாற்காலி இரண்டை ஒட்டிப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்த முகம். வெளிச்சம் பட்டதும் இமை சுருங்கியது, ஒரு கை கண்ணை மறைக்கத் தேடியது.

கரண்டம்மா சுவரைப் பார்த்தார். சுவிட்ச் கிடையாது, அந்த மாடியில் எல்லாச் சுவிட்சுகளையும் கழற்றியவர் அவரேதான். திரும்பிப் போனால் கதவு மறுபடி கத்தும். அந்த அறையில் அசைவு நின்றால் நான்கு நிமிடத்தில் விளக்கு அணையும் என்பது அவருக்கு நினைவிருந்தது.

எடுத்து வைத்த கால் எடுத்து வைத்தபடி, ஸ்குரூடிரைவர் பிடித்த கை பிடித்தபடி, மூக்கு அரித்ததைக்கூடச் சொறியாமல், கல்லாகச் சமைந்து நின்றார். ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. நான்காவது நிமிடத்தில் விளக்கு அணைந்தது. இருட்டில் நர்ஸின் கை மெல்ல நழுவிக் கீழே தொங்கியது. அதன் பிறகும் கரண்டம்மா அசையவில்லை.