ஒன்றரைக் கட்டையில் தொடங்கிய பாட்டு

பிள்ளைகளா, ஒரு பாட்டு தொடங்கியதுமே அப்பா எப்படிக் கிட்டாரில் சேர்ந்துகொள்கிறார் என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் பாதியில் விளையாடப் போய்விடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் எனக்கு நூற்பு மில்லில் ஷிப்ட் வேலை. எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர் திருப்பூருக்குக் குடிபோய்விட்டார். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்று நாலு கம்பிகளைச் சேர்த்து மீட்டும் கார்டுகள் தெரியும், கை ஓடும். ஆனால் பாட்டு எந்தச் சுருதியில் போகிறது என்று யாராவது சொன்னால்தான் வாசிப்பேன்.

சுருதியை நாங்கள் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஒரு கட்டை, ஒன்றரை, இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். மேடையில் பேச முடியாது என்பதால் கீபோர்டுக்காரர் விரல் காட்டுவார். நீட்டிய ஒவ்வொரு விரலும் ஒரு கட்டை. பக்கத்து விரல் பாதி மடங்கியிருந்தால் கூட ஒரு அரை.

அவர்தான் குழுவை நடத்தினார். பேண்டேஜ் துணி நெய்யும் பட்டறையில் வேலை. என்னைவிட இளையவர், வாய்த்துடுக்கு அதிகம்.

“அண்ணே, எனக்குக் கை ரெண்டும் கீபோர்டுல இருக்கும். ஒங்களுக்கு விரல் காட்ட மூணாவது கைக்கு எங்க போவேன்? பாட்டைக் கேட்டே கட்டையைச் சொல்லணும். ஒரு மாசம் பாப்போம். ஏலலைன்னா வேற ஆளு பாத்துக்கிடுதேன்.”

அந்த மாதம் முழுக்க டேப் ரிக்கார்டரும் நானுமாக இருந்தோம். பாட்டை ஓடவிடுவேன். எந்த ஸ்வரத்தில் வந்து இறங்கினால், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியது போல இருக்கிறதோ, அதை வாய்க்குள் முனகிப் பிடித்துக்கொள்வேன். பிறகு கிட்டாரின் தடித்த கம்பியில் ஒவ்வொரு கட்டமாக விரலை நகர்த்துவேன். முனகலும் கம்பியும் ஒன்றாகும் இடத்தில் நெஞ்செலும்பு அதிரும். அதுதான் அந்தப் பாட்டின் சுருதி. முதல் வாரம் ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் ஆனது. பல தடவை ‘ஸ’வுக்குப் பதில் ‘ப’வை, அந்தப் பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு அதுதான் வீடு என்று ஏமாந்தேன். மாதக் கடைசியில் பல்லவி முடிவதற்குள் சொல்லிவிட முடிந்தது. இரண்டே பகலில் நாற்பது பாட்டுக்குக் கட்டையை நோட்டில் எழுதி ஒத்திகைக்கு எடுத்துப் போனேன்.

கீபோர்டுக்காரர் அதே கேசட்டுகளை அங்கே கரண்டில் ஓடும் டேப்பில் போட்டு, கீபோர்டில் சரிபார்த்தார். நான் ஒன்று என்று எழுதியிருந்தது ஒன்றரை. இரண்டு என்று எழுதியிருந்தது இரண்டரை. ஐந்து என்றால் ஐந்தரை.

“எல்லாம் தப்புண்ணே. குருட்டாம்போக்குல ஒண்ணுகூடவா சரியா வராது?”

அந்த இடம் போயிற்று என்றே நினைத்தேன். தையல் வகுப்பு நடத்தும் ஓர் அக்காதான் எங்கள் பாடகி. அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

“ஏன் தம்பி, ஒரேபோல அரை அரையாக் கொறையுதே. ஒங்க வீட்டு டேப்பு எதுல ஓடுது?”

“பேட்டரி செல்லுலக்கா.”

“புது செல்லா?”

“இல்லக்கா. தீந்ததைத்தான் வீட்ல மாடி வெயில்ல காயவச்சுக் காயவச்சுப் போடுதா.”

அக்கா சிரித்த சிரிப்பில் தபலாக்காரரும் சேர்ந்துகொண்டார். வெயிலில் காய்ந்த செல்லுக்குச் செத்த நேரம் உயிர் வரும்; ஆனால் டேப்பின் சக்கரம் தளர்ந்துதான் சுற்றும். பாட்டும் அரைக் கட்டை தணிந்துவிடும். உங்கள் அம்மா சிக்கனம் பார்த்ததில் நாற்பது பாட்டும் கீழே இறங்கிவிட்டன.

கீபோர்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை மறுபடி புரட்டினார்.

“அப்பம் தப்பு செல்லு மேல. அண்ணன் காது ஒரு நூலு பெசகலையே” என்றார். “அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல கல்யாணக் கச்சேரி. அதுக்கு வாங்க. மேடையில பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன்.”

மடவார் வளாகம் கோயிலுக்குப் பக்கத்தில் மண்டபம். அக்காவுக்கு அன்று ஜலதோஷம். மூன்றாவது பாட்டு தொகையறாவில் தொடங்கும். வாத்தியம் எதுவும் இல்லாமல் அவர் மட்டும் நாலு வரி பாட, பிறகு நாங்கள் எல்லோரும் சேர வேண்டும். ஒத்திகையில் அது இரண்டரைக் கட்டை. தொண்டை ஏறாததால் அக்கா எங்கேயோ கீழே எடுத்துவிட்டார். கீபோர்டுக்காரர் இரண்டரையில் வைத்த விரலைச் சுட்டது போல எடுத்தார். இன்னொரு கட்டையை மெதுவாக அழுத்திப் பார்த்தார். அதுவும் ஒட்டவில்லை. இரண்டாவது வரி முடிந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டு முனகினேன். தடித்த கம்பியில் விரல் நகர்ந்தது. மூன்றாவது வரியில் நெஞ்சு அதிர்ந்தது. கையை உயர்த்தி அவருக்குக் காட்டினேன்: ஒரு விரல் நேராக, பக்கத்து விரல் பாதி மடங்கி. அவர் யோசிக்கவே இல்லை, ஒன்றரைக்குப் போனார். நாலாவது வரி முடிந்ததும் தபலாவோடு எல்லோரும் ஒன்றாக இறங்கினோம். சாய்ந்து உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு எதுவுமே தெரியவில்லை.

கச்சேரி முடிந்ததும் அவர் சொன்னார்: “யக்கா, நீங்க பாட்டுக்குக் கெணத்துல எறங்கிட்டீய. அண்ணன்தான் கயிறு போட்டாரு.” பிறகு என்னிடம், “இனிமே விரலை நீங்க காட்டுங்க, நான் பாக்கேன்” என்றார். அதுதான் அவர் சொன்ன முடிவு.

எல்லோரும் பந்திக்குப் போனார்கள். கிட்டாரை உறையில் போட்டுவிட்டு வருகிறேன் என்று நான் தங்கிவிட்டேன். மைக்கை அணைத்திருந்தார்கள். ஒன்றரைக் கட்டைக் கார்டைப் பிடித்து ஒரே ஒரு தரம் மீட்டினேன். குனிந்து கிட்டாரின் விலாவில் காதை வைத்து, அந்தச் சத்தம் முழுவதும் அடங்கும்வரை கேட்டேன்.