ரவுட்டருக்குத் தைத்த உறை

வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் துபாயில் என் வீட்டுக்காரருக்கு லீவு. ஜும்மா முடிந்து அவர் வீடியோவில் வருவார். சரியாக அப்போதுதான் எங்கள் ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரியும். மனிதர் திறந்த வாயோடு அப்படியே நிற்பார். செல்போன் சிக்னலோ எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டாது.

"நீ பேசுறது பாதிதான் வருது. மீதிய நானே நெனச்சுக்கிறேன்" என்றார் ஒருமுறை.

நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு லாத்தா வீடியோவில் பேசிச் சிரிப்பார். என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு லாத்தா. அவர் வீட்டுக்காரரும் துபாயில்தான். அந்தச் சிரிப்பு பாதியில் நிற்காது. எனக்கு வயிறு எரியும்.

லாத்தா தன் ரவுட்டரை டவுன் கடையில் வாங்கினார். நான் ஆன்லைனில் பாதி விலைக்கு வாங்கிவிட்டு, அவரைக் கேலி செய்தவள். விற்றவர்கள் உதவிக்குக் கொடுத்தது ஒரு போன் நம்பர்தான்.

"அணைச்சுப் போட்டீங்களா மேடம்?"

"அணைச்சு அணைச்சு சுவிட்சே தேஞ்சு போச்சும்மா."

தூரத்துத் தண்ணி ஆபத்துக்கு உதவாது என்பார்கள். அது இதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை பொறுக்கமாட்டாமல் பக்கத்து வீட்டுக்கே போனேன். லாத்தாவின் ரவுட்டர் மொட்டையாக இருந்தது. உப்புக்காற்றுக்குப் பயந்து எங்கள் வீடுகளில் டிவி, மிக்ஸி எல்லாமே உறை போட்டிருக்கும். ரவுட்டருக்கும் ஜரிகை வைத்து இரண்டு உறை தைத்து, ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தேன்.

"நான் தச்சது எங்க லாத்தா?"

"கோச்சுக்காத புள்ள. புதுசுல அடிக்கடி நின்னுச்சு. கடைக்காரர் வந்து உறைய உருவிப் போட்டுட்டு, 'இதுக்கு மூச்சு முட்டாதா?'ன்னு கத்துனாரு பாரு, கத்து! ஒன் மனசு நோகுமேன்னுதான் சொல்லல."

வீட்டுக்கு ஓடி உறையைக் கழற்றினேன். ரவுட்டர் தோசைக்கல்லாகச் சுட்டது. வெந்தது வெந்ததுதான், அடுத்த வாரமும் சிவப்பு விளக்கே. கடைக்காரரைக் கூப்பிட்டால், "எங்க வாங்குனீங்களோ அங்க கேளுங்க" என்றார். அவர் மேல் என்ன தப்பு? ரவுட்டரைவிட, வந்து திட்ட ஓர் ஆள் இருப்பதுதான் எனக்குப் பெரிய பொறாமையாகிவிட்டது.

கடைசியில் அதே கடையில் புதிதாக ஒரு ரவுட்டர் வாங்கினேன். கடைக்காரரே வந்து மாட்டினார். கிளம்பும்போது, "துணி கிணி போட்டு மூடுனீங்க, அப்புறம் நான் வரமாட்டேன்" என்று அதட்டினார்.

நடுச்சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டு, லாத்தாவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: "சரிங்கண்ணே! நல்லாத் திட்டுங்கண்ணே!"