வாய் எங்கே இருக்கிறது?

என் அக்கா கடல்மீன் காட்சிசாலையில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறாள். பெரிய தொட்டியில் இருக்கும் கிழட்டுக் கலவா மீனைத் தன் மாமனார் என்பாள். அதற்கு அவ்வளவு பிகு. அந்த மாமனாருக்குத்தான் துடுப்பெல்லாம் கிழிந்து, விலாவில் புண் வந்தது. "தண்ணிய ஒழுங்கா மாத்துறியா, இல்லையா?" என்று மேலாளர் எல்லார் முன்னாலும் கத்தினார். அக்கா தண்ணீரை மாற்றினாள், மருந்து போட்டாள். புண்தான் கூடியது.

புண் வருவதற்கு முன் கடைசியாகத் தொட்டிக்குள் போனது ஒரு வைத்தியர் மீன். விரல் நீளம், நீல உடம்பு, முகத்திலிருந்து வால்வரை ஒரு கறுப்புப் பட்டை. அது ஆடிக்கொண்டே வந்தால் பெரிய மீன்கள் வாயைத் திறந்து காட்டும். ஒட்டியிருக்கும் பூச்சிகளை அது பொறுக்கித் தின்னும். பிடித்து வந்தவர் மாமா, அக்காவின் கணவர். கடலில் முக்குளித்து மீன் பிடிப்பது அவர் தொழில். மாமா கொண்டுவரும் மீனை மட்டும் அக்கா சோதித்துப் பார்ப்பதே இல்லை. புருஷன்மேல் அத்தனை நம்பிக்கை!

அதே நிறத்தில், அதே ஆட்டத்தோடு ஒரு போலியும் பாறைகளில் உண்டு. நம்பி நிற்கும் மீனைக் கடித்துத் தின்றுவிட்டு ஓடிவிடும். அடையாளம் சொல்லிக்கொடுத்ததும் மாமாதான். "வாய் முகத்து நுனியில இருந்தா வைத்தியன். மூக்குக்கு அடியில இருந்தா திருடன்."

அன்று அக்கா தொட்டிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு அந்தச் சின்ன மீனைப் பார்த்தாள். வாய் அடியில் இருந்தது.

அவளுக்குப் போன மாதம் நடந்தது நினைவு வந்தது. மாமா அவள் என்று நினைத்து எதிரில் நின்ற என்னைத் திட்டித் தீர்த்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். என்ன சிரிப்பு அது!

மீனை ஒரு ஜாடியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள். "ஏங்க, இதுக்கு வாய் எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

மாமா ஜாடியைக் கண்ணருகே தூக்கினார். தள்ளிப் பிடித்தார். மறுபடியும் கிட்டே கொண்டுவந்தார்.

"நுனியிலதான். இதுல என்ன சந்தேகம்?"

எட்ட நின்ற எனக்கே அது அடியில் இருப்பது தெரிந்தது.

"நாளைக்கு ஆழத்துல இறங்குறேன். இதுக்கு ஒரு ஜோடி பிடிச்சுட்டு வரேன்" என்றார்.

அக்கா ஜாடியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நாளைக்கு இறங்க வேண்டாங்க."

மாமா கண்ணைக் கசக்கிவிட்டு, சரி என்று தலையாட்டினார்.