படம் வராத மென்பொருள்

ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசி வீடு பூமாரியுடையது. பகலில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பில் நின்று விருந்தினர்களுக்குச் சாவி கொடுப்பாள். மற்ற நேரத்தில், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக் கணினிச் சிப் வடிவமைக்கக்கூடிய ஒரு மென்பொருளைப் பராமரிப்பாள். முழுவதையும் அல்ல. நிரலையெல்லாம் சேர்த்து மென்பொருளாகக் கட்டித்தரும் பில்ட் ஸ்கிரிப்டும், பழைய கணினிகளின் திரையில் சிப்பின் படத்தை வரையும் பகுதியும் அவள் பொறுப்பு. லயத்தில் இது யாருக்கும் புரியாது. நான் பிஎஸ்சி படித்தவன் என்பதால் புரிந்ததுபோலத் தலையாட்டுவேன்.

ஆனால் அவள் பில்ட் போடுவது எல்லாருக்கும் தெரியும். லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகு நாளாகிறது. யாராவது மிக்ஸி போட்டால் வோல்டேஜ் இறங்கி அது அணைந்துவிடும். அதனால் வாசலில் நின்று கத்துவாள்.

"மாரீஸ்வரிக்கா, சட்னி அரைச்சாச்சா? நான் பில்டு போடப் போறேன்!"

"போடு, போடு. என்னமோ டேம் கட்டப் போறவ மாதிரி!" என்று பக்கத்து வீட்டிலிருந்து பதில் வரும்.

படம் வரையும் பகுதியையும் சேர்த்துக் கட்டினால் நேரம் பிடிக்கும். அடுத்த சட்னிக்குள் முடியாது. ஆகவே ஸ்கிரிப்டில் கிராபிக்ஸை அணைத்துவிட்டு, மற்றதை மட்டும் கட்டிப் பார்ப்பாள். போன வாரம் அணைத்ததைத் திரும்பப் போட மறந்து, அப்படியே எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். எடுத்தவர்களுக்கெல்லாம் மென்பொருள் ஓடியது; படம் மட்டும் வரவில்லை.

அந்த மென்பொருள் குழுவின் தலைவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். பழைய கணினிக்கான பகுதியால் எப்போதும் தொல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அது ஓடுவதைக் காட்டாவிட்டால் நீக்கிவிடலாம் என்று. நீக்கினால் பூமாரியின் லேப்டாப்பில் இனி ஒரு சிப்பும் தெரியாது. தான் பராமரிக்கும் மென்பொருளைத் தானே பார்க்க முடியாது.

ஞாயிறு காலை மாரீஸ்வரி அக்காவின் வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, மத்தியானம் வரைக்கும் யாரும் மிக்ஸி போடக் கூடாது."

"ஏம்புள்ள, உனக்கு ஞாயித்துக்கெழமதான் கெடைச்சுச்சா? கறிக்கு மசாலா யாரு அரைப்பா, உன் தலைவரா?"

"கெஞ்சிக் கேக்குறேன்க்கா."

முனகிக்கொண்டே அக்கா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். லயமே அடங்கியிருந்தது. பில்ட் முடியும் தறுவாயில் லேப்டாப் அணைந்தது. அரைத்தது பூமாரியின் அம்மா.

"காலையிலருந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கலையே நீ, ஒரு துவையலாச்சும்..." என்றாள், மிக்ஸி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு.

லயம் முழுக்கச் சிரித்தது. பூமாரி சிரிக்கவில்லை. அம்மா ஜாரைக் கழற்றி அக்காவிடம் ஒப்படைத்தாள். விட்ட இடத்திலிருந்து பில்ட் மறுபடி ஓடி முடிந்தது. திரையில் சிவப்பும் நீலமுமாகச் சிப்பின் கோடுகள் வந்தன.

அக்கா எட்டிப் பார்த்தாள். "இதுக்காகவா நான் வெறும் மொளகாத்தூளப் போட்டுக் கறி வச்சேன்?"

பூமாரி திரையைப் படமெடுத்து, சரிசெய்த ஸ்கிரிப்டோடு தலைவருக்கு அனுப்பினாள். அந்தப் பகுதி இருக்கட்டும் என்று சாயங்காலம் பதில் வந்தது.

"அப்ப உன்னையப் பெர்மனன்ட் ஆக்கிட்டாங்களா?"

"இது வேலையே இல்லக்கா. சும்மா செய்யுறது."

அக்கா என்னைப் பார்த்தாள். "நீயும் படிச்சவன்தானே, இது என்னன்னு சொல்லு."

நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். பூமாரி எதையும் காதில் வாங்காமல், அந்தக் கோடுகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, எது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.