தம்பியின் இடது காது

போன வாரம் வேலம்பாளையத்தில் மகனுடைய பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். ஒரு பெண்ணின் மெஷினில் ஊசி உடைந்துவிட்டது. உடனே லைனை நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசர் வந்து துண்டுகளைக் காந்தத்தால் பொறுக்கி, முழு ஊசியாகச் சேர்கிறதா என்று பொருத்திப் பார்த்து, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டினார். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரன் அந்த நோட்டைக் கேட்பானாம். மகன் பெருமையாக என்னைப் பார்த்தான். இதை உன் மாமன் ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே எனக்குச் சொல்லிவிட்டான் என்றேன். அவன் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

மாமன் என்றது என் தம்பி மணியை. விமானப்படையில் விமானம் ஓட்டினவன். எங்கள் ஊர் மண்ணரையில் அப்போது சைக்கிள் வைத்திருந்தவர்களையே விரல் விட்டு எண்ணலாம். அங்கிருந்து ஒருவன் ஆகாயத்தில் போகிறான் என்றால் அவன் அக்காளின் நடை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன், அதற்குள் பஸ் போய்விடும். ஆனாலும் பனியன் கம்பெனியில் எனக்குப் 'ப்ளேன்காரரு அக்கா' என்று பேர். படித்தவள் மாதிரியே தலையை ஆட்டிக்கொள்வேன்.

அப்பனும் ஆத்தாளும் போன பிறகு, லீவில் வந்தால் அவன் என் வீட்டில்தான் இறங்குவான். வந்ததும் அரிசிம்பருப்பு சாதம் கேட்பான். வாயில் சோறும் பேச்சும் சேர்ந்தே இருக்கும். ஏறுவதற்கு முன்னால் விமானத்தைச் சுற்றி வந்து கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்களாம். மனப்பாடமாகத் தெரிந்ததையும் அட்டையைப் பார்த்து வாசிப்பார்களாம். தெரிந்ததை எதற்கடா படிக்கிறாய் என்று கேட்டேன். "தெரியும்னு நெனைக்கறவன்தான் அக்கா மொதல்ல சாவான்" என்றான். மேகத்துக்குள் போனால் உடம்பு பொய் சொல்லுமாம். நேராகப் போவதுபோல் தோன்றும், விமானம் சாய்ந்து கிடக்கும். அப்போது உடம்பை விட்டுவிட்டுக் கடிகாரம் மாதிரி எதிரில் இருக்கிற முள்ளைத்தான் நம்ப வேண்டும். ஒரு திருப்புளி காணாமல் போனாலும் தொலைத்தவன் சொல்லிவிட வேண்டும், கிடைக்கிற வரை விமானம் கிளம்பாது. சொன்னவனை யாரும் ஏசமாட்டார்கள். மறைத்தவனை மன்னிக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டிருந்த சமயத்தில்தான் என் மெஷினிலும் ஊசி உடைந்தது. முனை கிடைக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்தது குழந்தைப் பனியன். அந்தக் காலத்தில் வேறு ஊசி மாட்டிக்கொண்டு தைப்பதுதான் வழக்கம், முனையைத் தேடுகிறவள் பைத்தியக்காரி. நான் போய் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். கட்டிய பண்டலையெல்லாம் அவிழ்க்கும்படி ஆயிற்று. "ப்ளேன்காரரு அக்கா இன்னைக்கு நம்மளையும் பறக்க உட்டுட்டாங்க" என்று பக்கத்து மெஷின்காரி முணுமுணுத்தாள். கடைசியில் ஒரு பனியனின் தோள் மடிப்பில் முனை இருந்தது. முதலாளி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு அது போதும்.

அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் கெடுத்ததோ என்று சில சமயம் தோன்றும்.

அடுத்த லீவுக்குள் தம்பிக்குப் பல்லடத்தில் பெண் நிச்சயம் ஆகியிருந்தது. கூடவே துரை என்று ஒரு சிநேகிதரும் வந்தார், மதுரைப் பக்கம். தம்பி ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து பறக்கிறவர். மறுநாள் ஊருக்குப் போக இருந்தார். அவர் குளிக்கப் போன நேரம், அடுப்படியிலிருந்து தம்பியைக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இடது பக்கம் போய் நின்று கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை. எழுந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். விடாமல் கேட்டதில் சொன்னான். அந்தக் காது கேட்பதில்லை. மேலே போனால் தலை சுற்றுகிறது. போன மாசம் ஒருநாள் எது பூமி எது வானம் என்று தெரியாமல், ஏதோ சாமி புண்ணியத்தில் இறங்கியிருக்கிறான். டாக்டரிடம் மறைத்துவிட்டான்.

"பின்னால ஒக்கார்றவருக்குத் தெரியுமா?"

"அவனுக்கெதுக்கு? முள்ளப் பாத்தே ஓட்டீருவேன் அக்கா. கண்ணாலம் முடியட்டும், அப்பறம் நானே சொல்லிப்போடறேன். நீ ஆருகிட்டயும் மூச்சு உட்றாதே."

விமானம் ஓட்டுகிற மாப்பிள்ளை என்றுதான் பெண் கொடுக்கிறார்கள். அது எனக்கும் தெரியும். துரைக்கும் வீட்டில் தாய் இருப்பாளே. அதுவும் தெரியும்.

இருவரையும் உட்கார வைத்துப் பரிமாறினேன். துரை தம்பிக்கு இடது பக்கம். நெய் ஊற்றினேன். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் துரையைப் பார்த்துச் சொன்னேன்.

"தம்பி, இவனுக்கு எடது காது கேக்கறதில்லீங்க. மேல போனா தல சுத்துதாமுங்க. நீங்க இவங்கூட ஏறாதீங்க."

தம்பி சிரித்தான். "அக்காளுக்கு மெஷின் சத்தத்துல மூளை கலங்கிருச்சு" என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தான். துரை என்னைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமல், மெல்ல, "மணி" என்றார். எனக்குக் கேட்டது. தம்பி சோற்றை உருட்டி வாயில் வைத்தான். இன்னொரு தரம் "மணி" என்றார். அவன் அடுத்த கவளத்தை எடுத்தான்.

துரை இலையைப் பார்த்தபடி, "அக்கா, கொஞ்சம் மோர் ஊத்துங்க" என்றார்.

அவர் போய் மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். டாக்டர்கள் பார்த்தார்கள். தம்பி அதற்குப் பிறகு விமானம் ஏறவில்லை. மேஜை வேலை கொடுத்தார்கள். பல்லடத்துக்காரர்கள் நல்லவர்கள், சொன்ன சொல் மாறாமல் பெண் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவளைச் சேர்த்து உட்கார வைத்துச் செய்யும் சீர். அந்த இடம் பிறந்த அன்றே அவளுக்கென்று ஆகிவிட்டது. நான் புதுப்புடவை கட்டிக்கொண்டு பந்தலில் நின்றேன். தம்பி சித்தப்பா மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். என் வீட்டுக்காரர் போய்விடலாம் என்று கையைப் பிடித்தார். நான் போகவில்லை. பந்தியில் உட்கார்ந்து மோர்ச்சோறு வரை சாப்பிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் போனாள் என்று ஒருத்தர் சொல்லக்கூடாது.

பிற்பாடு அவன் பல்லடத்துக்கே வந்து ஒரு மில்லில் வேலை பார்த்தான். நல்லது கெட்டதுகளில் பார்த்துக்கொள்வோம். மழை பெய்ததா, பிள்ளை என்ன படிக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சாப்பாட்டைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவன் அந்த விமானத்தை நல்லபடியாகவே ஓட்டி முடித்திருப்பானோ என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். ஊசி முனையாவது கையில் கிடைத்தது. விழாத விமானத்துக்குச் சாட்சி ஏது?

மண்ணரை வீட்டை இடித்துக் குடோன் கட்டிவிட்டார்கள். துரை எங்கே என்று தெரியாது. தம்பி போய் நாலு வருஷம் ஆகிறது. நீ செய்தது சரி என்று சொல்லவோ, ஏன் அக்கா அப்படிச் செய்தாய் என்று திட்டவோ பாத்தியதை உள்ள ஒரே வாய் அவனுடையது. திட்டியிருந்தால்கூடக் கேட்டுக்கொண்டிருப்பேன்.