எங்கள் ஒழுங்கைக்கு மழைத்தோட்டம் வந்த கதை

எங்கள் ஒழுங்கை, இரு பக்கமும் வீடுகள் உள்ள ஒரு குறுந்தெரு, யாழ்ப்பாண நகரத்தின் கடற்கரைப் பக்கமாகச் சரிந்து இறங்குகிறது. மாரி தொடங்கினால் மேல்வீடுகளின் தண்ணீரெல்லாம் கீழ்வீடுகளுக்குள் போய் நிற்கும். பல வருடங்களாக நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒழுங்கையோரம் ஓடும் வெள்ளவாய்க்காலைத் துப்புரவாக்கித் தாருங்கள். போன கந்தோர்களிலெல்லாம் கடிதத்தை மரியாதையாக வாங்கி, முத்திரை குத்தி வைத்துக்கொண்டார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் நகரங்களைப் பச்சையாக்க வெளிநாட்டு மானியம் ஒன்று வந்திருப்பதாகத் தெரிந்தது. உடனே ஒழுங்கையில் ஒரு சங்கம் அமைத்தோம். லண்டனில் ஓய்வுபெற்றுத் திரும்பியிருந்த ஒருவரைத் தலைவராக்கினோம். அவருடைய தகுதி, அவர் வீட்டு விறாந்தையில் இருபது கதிரை போடலாம் என்பது. நான் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். விண்ணப்பம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் கூட்டத்துக்குத் திட்ட அலுவலர் வந்தார். பொறியியல் படித்த பெண், கெட்டிக்காரி.

"வாய்க்காலைத் துப்புரவாக்க ஏலாதோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஏலாது ரீச்சர். எங்கடை நிதி பச்சை வேலைக்கு மட்டும்தான். வாய்க்கால் பச்சைக்குள்ளை வராது."

"வாய்க்காலுக்குள்ளை புல்லு முளைச்சு நல்ல பச்சையாத்தான் கிடக்குது" என்று வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது. கீழ்க்கோடியில் கடைசி வீட்டில் இருக்கும் மீன் விற்கும் பெண். சந்தைக்குப் போகிற வழியில் கூடையோடு நின்றாள். சங்கத்தில் அவள் உறுப்பினர் இல்லை. நாங்கள் கூட்டம் வைக்கும் நேரத்தில் அவள் மீன் வெட்டிக்கொண்டிருப்பாள். எல்லோரும் சிரித்தோம். அவள் போய்விட்டாள்.

அலுவலர் மழைத்தோட்டம் பற்றி விளக்கினார். பள்ளம் வெட்டி, சல்லியும் மணலும் போட்டு, செடி நட்டால் வெள்ளம் அதற்குள் தங்கி மெல்ல நிலத்துக்குள் இறங்கும், கிணறுகளும் ஊறும். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பிழையெல்லாம் நாங்கள் இடம் தெரிவு செய்ததில். தலைவர் தன் வீட்டுப் படலைக்கு முன்னாலிருந்த இடத்தைக் காட்டினார்.

"அண்ணை, இது மேடல்லோ?" என்றார் அலுவலர்.

"மேட்டிலை இருந்தால்தானே, பிள்ளை, போறவாறவைக்குத் தெரியும். வாகனம் நிப்பாட்டவும் வசதி."

விண்ணப்பத்தில் 'பார்வைக்குப் படும் தன்மை' என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்குப் புள்ளியும் இருந்தது. அலுவலர் அந்த இடத்தையே குறித்துக்கொண்டார்.

நான் எழுதினேன், நன்றாகவே எழுதினேன். 'மக்களின் அறியாமையால் வளவுகள் சீமெந்தால் மூடப்பட்டு, மழைநீர் நிலத்துக்குள் இறங்க வழியற்றுப் போயிற்று' என்ற வரியை இரண்டு தரம் வாசித்து மகிழ்ந்தேன். பெண்கள் எவ்வாறு பயனடைவார்கள் என்ற கேள்விக்கு, கடைசி வீட்டுப் பெண்ணை மனதில் வைத்து ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

மானியம் கிடைத்தது. பள்ளம் வெட்டினார்கள், லொறியில் பூங்கண்டுகள் வந்தன, கறுப்புக் கல்லில் பெயர்ப்பலகை வந்தது. பலகை தோட்டத்தைவிடச் சற்றுப் பெரிது. திறப்புவிழா நாளில் நல்ல வெயில். கண்டுகள் வாடிவிடக்கூடாதென்று என் கிணற்றில் மோட்டரைப் போட்டு, அந்த மழைத்தோட்டத்துக்கு முதல் தண்ணீரை நான்தான் இறைத்தேன்.

சில கிழமை கழித்து அலுவலர் ஒரு வரைபடத்தோடு வந்தார். சீமெந்தால் மூடிய இடங்கள் சிவப்பு, மண் உள்ள இடங்கள் பச்சை. எங்கள் ஒழுங்கையில் ஒரு சிவப்பு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாகக் கிடந்தது.

"உது ஆருடைய வளவு?"

"உங்கடை, ரீச்சர்."

குசினியைப் பெருப்பித்த வருடம் நான்தான் பின்வளவு முழுவதையும் சீமெந்து போடச் சொன்னேன். பின்வளவை ஒட்டி ஒழுங்கையோரம் ஓடிய வாய்க்காலும் அதற்குக் கீழே போய்விட்டது. தண்ணீர் போக ஒரு சின்னக் குழாய் வைத்திருந்தோம், அதைப் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"மாவிலை கூட்டிக் கூட்டி நாரி விட்டுப்போச்சு, பிள்ளை, அதுதான் போட்டனான்" என்று இடுப்பைப் பிடித்துக் காட்டினேன். அவர் தேத்தண்ணியைக் குடித்தார். "இந்தச் சிவப்பைக் கொஞ்சம் மங்கலாக்க ஏலாதோ?"

"ஏலும்" என்றார். அடுத்த பிரதியில் என் வளவு செம்மஞ்சளாக இருந்தது.

பிறகு மாரி வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மழைத்தோட்டத்தில் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மிச்சம் எல்லாம் வழக்கம்போல் கீழே ஓடியது. மூன்றாம் நாள் மத்தியானமும் தூறிக்கொண்டிருக்க, கதவில் தட்டல் கேட்டது. கடைசி வீட்டுப் பெண் தலைமுதல் கால்வரை நனைந்து, தோளில் கனத்த இரும்பு அலவாங்கோடு நின்றாள்.

"ரீச்சர், உங்கடை சீமெந்தை உடைக்கப் போறன். கோவிக்கிறதெண்டால் பிறகு கோவியுங்கோ. என்ரை கட்டில் மிதக்குது."

"தலைவரை ஒருக்கால் கேட்டுப்போட்டு..."

"அவரின்ரை வீடு மேட்டிலை. அவர் ஆறுதலா, மாரி முடியச் சொல்லுவார்."

"எந்த இடத்திலை உடைக்கிறதெண்டு உமக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கள் சீமெந்து போடேக்கை பாத்துக்கொண்டு நிண்டனான். தண்ணி எங்கை போறது எண்டு அப்பவே கேட்டனான். நீங்கள் கேற்றைப் பூட்டிப்போட்டு உள்ளை போனீங்கள்."

போனேன்தான். அது எனக்கு நினைவிருந்தது.

குடையை எடுத்துப் போய் அவளுக்கு மேலே பிடித்தேன். அவள் தன்னைக் குனிந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இனி எனக்கென்னத்துக்கு ரீச்சர் குடை?" வெட்கமாகப் போய்விட்டது. குடையை எறிந்துவிட்டு மண்வெட்டியை எடுத்தேன். அவள் உடைக்க உடைக்க நான் இழுத்து எறிந்தேன். உள்ளே மாவிலைச் சேறும், பொலித்தீன் பைகளும், என்னுடைய பழைய செருப்பொன்றும் அடைந்து கிடந்தன. அடைப்பு விட்டதும் ஒழுங்கைத் தண்ணீர் ஒரு இரைச்சலோடு கடல்பக்கம் திரும்பியது.

பின்னேரம் அவள் வீட்டுத் தரை தெரிந்தது. இருவரும் சேர்ந்து சேற்றை வழித்தோம். எங்களுக்கு இடையில் ஆறு வீடு. அன்றைக்குத்தான் அவள் வீட்டுக்குள் முதன்முதலாகப் போனேன்.

இறுதி அறிக்கையில் நடந்ததை அப்படியே எழுதினேன். "அலவாங்கு எண்ட சொல்லை எடுத்துப்போட்டன், ரீச்சர்" என்று அலுவலர் தொலைபேசியில் சொன்னார். நான் எழுதிய இரண்டு பக்கமும் 'மூடிய நிலத்தைச் சமூகம் தானாக முன்வந்து திறந்தது' என்ற ஒரு வரியாகியிருந்தன. அந்த வரிக்காக எங்களைப் பெரிய ஹொட்டேல் ஒன்றில் நடந்த பயிற்சிப்பட்டறைக்கு அழைத்தார்கள். மழைத்தோட்டத்தின் படத்தைத் திரையில் போட்டு, அவளுடைய கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

"பூங்கண்டெல்லாம் வடிவாத்தான் இருக்குது" என்றாள். "ஆனால் தண்ணி மேலை ஏறிப் போகாது எண்டு இவைக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

நான் அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள்.

என் பின்வளவில் பாதி இப்போது மண். மாவிலை கூட்டுகிறேன், நாரியும் நோகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் இருவரும் வாய்க்காலைக் கிளறிவிடுகிறோம். திட்டத்தின் இரண்டாம் கட்டமும் கிடைத்துவிட்டது. தலைவர் வீட்டு மதிலில் கொடி படரவிட்டுப் 'பச்சைச் சுவர்' ஆக்கப் போகிறார்களாம். இம்முறை விண்ணப்பத்தை வேறு யாரோ எழுதினார்கள். என் ஆங்கிலத்தில் கடுமை கூடிவிட்டதாம்.