விரலுக்கு விரல்

ஊசியக்கா அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. உதடு கிழிந்திருந்தது. காலில் ஒற்றைச் செருப்புதான்; மற்றது கலவரத்தில் எங்கோ போய்விட்டது.

ரத்தம் எடுக்க நரம்பு பிடிப்பதற்கு அவளுக்குக் கண்ணே வேண்டாம், விரல் போதும் என்பார்கள். ஆனாலும் அந்த வேலையில் வசவுக்குப் பஞ்சமில்லை. ஊசியைக் கண்டதும் மயங்கி விழுபவர் உண்டு. நரம்பு நழுவி இரண்டாம் முறை குத்தினால் குடும்பத்தையே இழுத்துத் திட்டுபவரும் உண்டு. பஞ்சை அழுத்தச் சொன்னால் கையை மடக்கிக்கொண்டு டீ குடிக்கப் போவார்கள். உள்ளே ரத்தம் கசிந்து தோல் நீலமானதும் சண்டைக்கு வருவார்கள். "ரோஜாப்பூ ஒடம்புங்க உங்களுக்கு" என்று சிரிக்க வைத்து அனுப்பிவிடுவாள்.

தைராய்டுக்காக அடிக்கடி வரும் ஒரு பெண் மட்டும் வரும்போதே நீலத்தோடு வந்தாள். அதுவும் மேல்கையில், ஊசி போகாத இடத்தில். ஒருமுறை துணைக்கு வந்த அம்மா கேட்டதற்கு, போன தடவை இங்கே குத்தியதுதான் என்றாள், தரையைப் பார்த்தபடி. தன் கை தவறிவிட்டதாக ஊசியக்காவும் ஒத்துக்கொண்டாள்.

அது அம்மா வாயிலிருந்து அண்ணன் காதுக்குப் போயிற்று. அந்த வியாழக்கிழமை, தங்கையையும் அவள் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். கேள்வியே இல்லை. விட்ட அறையில் ஊசியக்காவின் தலை சுவரில் மோதியது. ரத்த டியூப்புகள் தரையில் சிதறின. அடுத்துப் புருஷன் பாய்ந்தான். தன் பொண்டாட்டி கையைப் புண்ணாக்க அவள் யார் என்று கத்தி, முடியைப் பிடித்து வாயில் குத்தினான். மூலையில் நின்ற பெண், சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

சொன்னால் வீட்டில் புருஷன் அவளைக் கொன்றுவிடுவான். சொல்லாவிட்டாலும் அவள் போக வேண்டியது அவனோடுதான்.

ஊசியக்கா ரத்தத்தைத் துப்பினாள். "தம்பி, ஊசி ஒரு புள்ளிதான் வைக்கும். உங்க மாப்பிள்ளை கையை எடுத்து அந்த நீலத்து மேல வச்சுப் பாருங்க."

அண்ணன் வைத்துப் பார்த்தான். விரலுக்கு விரல் பொருந்தியது. ரத்தம் எடுக்கக் கை நீட்டும் பலகையிலேயே மாப்பிள்ளையின் கையைப் போட்டு, முழங்காலால் அழுத்தி முறித்தான். அலறல் தெருமுனை வரை கேட்டது.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். உடைந்து கிடந்ததைப் பார்த்த முதலாளி ஊசியக்காவைத்தான் வெளியே அனுப்பினார்.

வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகும், யாராவது சட்டைக் கையைச் சுருட்டும்போதெல்லாம், அந்தப் பெண் திரும்ப அவனிடமே போய்விட்டாளோ என்று நினைத்தபடி மேல்கையைத்தான் முதலில் பார்ப்பாள். சில வருஷம் கழித்துப் புது எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"அக்கா, இப்ப நான் தனியாத்தான் இருக்கேன். நேத்து ரத்தம் எடுத்தாங்க, நீலமாயிடுச்சு. பஞ்சை அழுத்தாம கையை மடக்கிட்டேன். சத்தியமா இது ஊசிதான்."